இரண்டு கட்டில் துறை

அசுன்சியோன் நகரின் சான்டா காந்திதா பல்கலைக்கழக மருத்துவமனையில் கீழ்த்தளத்துத் துணிக்கிடங்கைக் கழுவி, வெள்ளையடித்து, இரண்டு கட்டில்களைப் போட்டு, வாசலில் ‘தீவிர சிகிச்சைத் துறை’ என்று தானே ஒரு பலகையும் எழுதி மாட்டினாள் டாக்டர் சுனில்டா ரெகால்தே. அதைத் துறை என்று சொல்ல அவளுக்கு யாரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. கல்லூரிக் குழுவின் தீர்மானத்தில் அதன் பெயர் ‘கீழ்த்தளத்து அறை’ என்றுதான் இருந்தது.

புவனோஸ் ஐரஸில் சில வருஷம் படித்துவிட்டு வந்தவள் அவள். அங்கே ஒரு பெரிய கூடத்தில், மூச்சு நின்றவர்களும் ரத்த அழுத்தம் விழுந்தவர்களும் வரிசையாகப் படுத்திருப்பதையும், இனி முகத்தை மூடிவிடலாம் என்று ஊரார் நினைத்த ஒருவர் சில நாள் கழித்துக் கண்ணைத் திறந்து சூப் கேட்டதையும் பார்த்திருந்தாள். பார்த்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சொந்த ஊரில் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று திரும்பிவிட்டாள். புவனோஸ் ஐரஸிலேயே நல்ல வேலை காத்திருந்தது. அதை உதறிவிட்டு வந்ததற்கு அவள் அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மருத்துவமனையில் யாரும் அவளை விரட்டவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான்.

“எப்படிப் போகுது உங்க ரெண்டு கட்டில் துறை?” என்று படிக்கட்டில் கேட்பார்கள். “இதயம் எங்ககிட்ட இருக்கு. நுரையீரல் எதிர் வார்டுல. சிறுநீரகம் மாடியில. உங்க பங்குக்கு எந்த உறுப்பு டாக்டர்?”

அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பாள்.

அவளுக்கு வேண்டியது மாணவர்கள். பாடத்திட்டத்தில் ஓர் இடம் கிடைத்து, வருஷா வருஷம் நாலு பேராவது வந்து கற்றுக்கொண்டு போனால்தான் அது துறை. இல்லாவிட்டால் அவள் ஓய்வு பெறும் அன்று அறையில் மறுபடி படுக்கை விரிப்புகளை அடுக்கிவிடுவார்கள். ஆனால் குழுவின் தலைவர், மருத்துவப் பேராசிரியர் போர்ஃபிரியோ இன்ஸ்ஃப்ரான், கேட்ட ஒவ்வொரு முறையும் தன்மையாக மறுத்தார். அவர் கெட்டவர் அல்ல. நோயாளியின் வயிற்றைத் தொடுமுன் தன் கையைச் சூடுபடுத்திக்கொள்ளும் மனிதர். “சாகப் போறவங்களை மட்டும் பாத்தா பசங்க மனசு உடைஞ்சு போகும்மா. முதல்ல அவங்க குணப்படுத்தக் கத்துக்கட்டும்” என்பார்.

எனவே சுனில்டாவிடம் இருந்தது ஒரே ஒரு ஓடும் சுவாச இயந்திரம், உதிரிப் பாகம் வராமல் மூலையில் கிடந்த இன்னொன்று, அப்புறம் நர்ஸ் நின்ஃபா. நின்ஃபா குண்டாக, உரத்த குரலில், எல்லோரையும் அதட்டுகிறவள். சுனில்டாவையும் சேர்த்துத்தான்.

அந்த ஜனவரி மாதம், நாட்டின் உச்சக் கோடையில், வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஒரு முற்பகலில், பராகுவாரி பக்கத்திலிருந்து ஒரு சின்ன லாரி மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. பின்னால் வைக்கோல் மேல் ஒரு பெண்ணை மடியில் கிடத்தியபடி அவள் கணவன் எலிஹியோ உட்கார்ந்திருந்தான். அவள் பெயர் தெயோலிந்தா ஒவேலார். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து பவழப்பாம்பு விரலைக் கவ்வியிருக்கிறது. சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக, யாரோ ரிப்பனைப் புதைத்துவைத்த மாதிரி இருந்தது என்று எலிஹியோ சொன்னான். கடித்த இடத்தில் வீக்கமே இல்லை. அதனால் முதலில் யாரும் பயப்படவில்லை. பிறகு இமைகள் தொங்கின, பேச்சு குழறியது, எச்சில் விழுங்க முடியவில்லை.

கீழ்த்தளத்துக்குக் கொண்டுவரும்போதே அவள் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. சுனில்டா தொண்டைக்குள் குழாயை இறக்கி முடிப்பதற்கும் மூச்சு முழுவதும் நிற்பதற்கும் சரியாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரே இயந்திரத்தில் தனுர்வாதம் வந்த ஒரு கொத்தனார் இருந்தார். அவரை அதிலிருந்து எடுக்க முடியாது. நின்ஃபா குழாயின் நுனியில் ரப்பர்ப் பையை மாட்டிக் கையால் அழுத்த ஆரம்பித்தாள். அழுத்தினால் மார்பு ஏறியது, விட்டால் இறங்கியது.

“விஷமுறிவு மருந்து?” என்று கேட்டான் அங்கே நின்றிருந்த மாணவன் தெர்லிஸ் வில்யால்பா. மருந்தியலில் தவறி, விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியாமல், வெயிலுக்கு ஒதுங்க அந்தக் குளிர்ந்த அறைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன்.

“இந்தப் பாம்புக்கு நம்ம நாட்டுல இல்ல. பிரேசில்ல கேட்டிருக்கு. எப்ப வரும்னு தெரியாது.”

“அப்ப என்ன சிகிச்சை டாக்டரம்மா?”

“இதுதான்” என்று நின்ஃபாவின் கையைக் காட்டினாள் சுனில்டா. “விஷம் தசையைக் கட்டிப் போட்டிருக்கு. கட்டு தானா அவிழும். அதுவரைக்கும் அவளுக்குப் பதிலா நாம மூச்சு விடணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியாது.”

தெர்லிஸ் மாணவர் விடுதிக்கு ஓடினான். திரும்பி வரும்போது அவனைப் போலவே தேர்வில் கவிழ்ந்தவர்கள், பயணச்சீட்டுக் கிடைக்காதவர்கள், காதலி ஊரிலேயே இருப்பதால் தங்கிவிட்டவர்கள் என்று ஒரு கும்பலே அவன் பின்னால் வந்தது. நின்ஃபா அவர்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். “மாட்டுல பால் கறக்கிற மாதிரி அமுக்காத. மார்பைப் பாரு. அது ஏறினதும் விடு. உன் மூச்சை நீ பிடிச்சிக்கிட்டு நிக்காதடா மடையா, அப்புறம் நீ விழுவ, உனக்கு யாரு அமுக்குறது?”

இப்படித் தொடங்கியது. பகலும் இரவும் ஒரு கை மாற்றி ஒரு கை. கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து அழுத்துகிறவருக்கு இன்னொருவர் கொம்புக் கோப்பையில் தெரெரே என்ற ஐஸ் போட்ட மூலிகைத் தேநீரை நீட்டுவார். அவர் அழுத்துவதை நிறுத்தாமலே உலோகக் குழலை உறிஞ்சுவார். தெர்லிஸுக்கு வாய் சும்மா இருக்காது. அசையாத அந்தப் பெண்ணிடம், செர்ரோ கால்பந்து அணி இந்த வருஷம் ஏன் கோப்பையை வாங்கப் போகிறது என்பதை ஆதியோடந்தமாக விளக்கிக்கொண்டே அழுத்துவான்.

“அவளையாவது விடேன்டா” என்பாள் நின்ஃபா.

“இவங்கதான் மறுத்துப் பேசல.”

ஆனால் நாள் போகப் போகச் சிரிப்பு குறைந்தது. தெயோலிந்தாவின் உடம்பில் ஒரு விரல்கூட அசையவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணிகள் விரிந்தபடி நின்றன. டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. கண்ணின் வெண்படலத்தில் பஞ்சை வைத்தால் இமை துடிக்கவில்லை. எலிஹியோ கால்மாட்டில் நின்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பாதம் சூடாக இருந்தது. அதை மட்டும்தான் அவன் நம்பினான்.

ஒரு மதியம் பேராசிரியர் இன்ஸ்ஃப்ரான் கீழே இறங்கி வந்தார். மாணவர்கள் தூங்காமல் கிடப்பதும், ஒருவன் மயங்கி விழுந்ததும் அவர் காதுக்குப் போயிருந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தெயோலிந்தாவைத் தலையிலிருந்து கால்வரை பொறுமையாகச் சோதித்தார். பிறகு நிமிர்ந்தார். சுனில்டாவை ஓரமாகக் கூப்பிட நினைத்திருப்பார். ஆனால் சின்ன அறை, ஓரம் என்று ஒன்று இல்லை.

“சுனில்டா, மூளை போயிடுச்சு. உனக்கே தெரியும். இந்தப் பசங்க ஒரு பிணத்துக்குக் காத்து அடிச்சிக்கிட்டிருக்காங்க.”

அழுத்திக்கொண்டிருந்த தெர்லிஸின் கை ஒரு நொடி தடுமாறியது.

“நிறுத்தாத” என்றாள் சுனில்டா. பிறகு பேராசிரியரிடம், “இந்த விஷம் கண்ணையும் சேர்த்துக் கட்டிப்போடும் சார். கண்மணியை வச்சு முடிவு பண்ண முடியாது.”

“எங்க பாத்த?”

அவள் எங்கும் பார்த்ததில்லை. படித்ததுதான். புவனோஸ் ஐரஸில் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டதும் உண்டு. அவளுக்கே விடியற்காலைகளில் சந்தேகம் வந்ததுண்டு.

“பாத்ததில்ல சார்.”

“புருஷனைப் பாரு. ஒவ்வொரு நாளும் அந்த ஆளுக்கு நம்பிக்கையை ஊட்டிக்கிட்டிருக்கோம். இது இரக்கம் இல்லம்மா.”

குரலில் கடுமை இல்லை. அதனாலேயே அவளுக்கு வலித்தது. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால், அவள் செய்துகொண்டிருப்பது என்ன? அவள் எலிஹியோவைப் பார்த்தாள். அவனுக்கு ஸ்பானிஷ் அரைகுறைதான். பேச்சு புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு மருந்து இருக்கு” என்றாள். “நரம்புக்கும் தசைக்கும் நடுவுல இருக்கிற கட்டைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். வேலை செஞ்சாலும் செய்யலாம், செய்யாமலும் போகலாம். உங்க முன்னாடியே போடுறேன். எதுவும் நடக்கலைன்னா நீங்க சொல்றபடி.”

கடைசி வார்த்தையைச் சொல்லிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நின்ஃபா ஊசியை எடுத்து நீட்டினாள்.

மருந்து ஏறியது. எல்லோரும் அந்த முகத்தையே பார்த்தார்கள். வெளியே சிப்பா ரொட்டி விற்கிறவள் கூடையோடு கூவிக்கொண்டு போனாள். பை புஸ்ஸென்று அழுந்தியது, விரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கிளம்பப் போகிறார் என்று சுனில்டாவுக்குத் தெரிந்தது.

அவள் குனிந்து தெயோலிந்தாவின் காதருகே வாயை வைத்துக் குவாரனியில் பேசினாள். வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற, வார்டில் டாக்டர்கள் பேசாத மொழி.

“தெயோலிந்தா, தாயே. நான் சொல்றது கேக்குதா? கேட்டா நெத்தியைச் சுருக்கு. உன்னால முடியும். கொஞ்சமா போதும்.”

முதலில் அது ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது புருவத்துக்கு மேலே தோல் லேசாகத் துடித்தது. பிறகு, மண்ணுக்கு அடியிலிருந்து ஏதோ தள்ளுவது போல, நெற்றி முழுவதும் மெல்ல, மிக மெல்ல, ஒரு கோடு எழுந்தது. நின்றது. அடங்கியது.

“இன்னொரு தடவை, தாயே. ரெண்டு தரம் சுருக்கு.”

கோடு எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது.

தெர்லிஸ் சத்தமில்லாமல் அழுதுகொண்டே அழுத்தினான். நின்ஃபா சிலுவை போட்டுக்கொண்டாள். எலிஹியோ கட்டிலைச் சுற்றி ஓடிவந்து மனைவியின் நெற்றியில் தன் உதட்டை வைத்து அப்படியே நின்றான், அந்தக் கோடு இன்னொரு முறை எழுந்தால் முதலில் தனக்குத் தெரிய வேண்டும் என்பது போல.

இத்தனை நாளும் அவள் உள்ளே இருந்திருக்கிறாள். இமை திறக்க முடியாமல், விரல் அசைக்க முடியாமல், தன்னைப் பிணம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு. சுனில்டாவுக்கு ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு எழவே இல்லை. ஒரு தேவாலயத்தில் பூசை நடுவே உரக்கப் பேசிவிட்டவள் போலக் கூச்சமாக இருந்தது.

பேராசிரியர் இன்ஸ்ஃப்ரான் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். அவரும் குவாரனியில்தான் பேசினார். “மகளே, நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடு.” அப்புறம் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தெர்லிஸின் தோளைத் தட்டினார். “எந்திரி. போய்ச் சாப்பிடு. எனக்குக் காட்டு, எப்படி அமுக்கணும்?”

நின்ஃபா அவரையும் விடவில்லை. “மார்பைப் பாருங்க புரொபசர். அவசரப்படாதீங்க.”

அன்றிலிருந்து அந்த அறையின் பேச்சே மாறிப்போனது. தெயோலிந்தாவுக்குத் தூங்க மருந்து கொடுத்தார்கள். விழித்திருக்கும் வேளையில் அவளிடம் கேட்காமல் யாரும் அவளைத் தொடவில்லை. “இப்ப திருப்பிப் படுக்க வைக்கப் போறோம்”, “இப்ப ஊசி, கொஞ்சம் சுருக்குனு இருக்கும்” என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்கள். நெற்றி முதலில், பிறகு இமை, பிறகு கட்டைவிரல் என்று உடம்பு ஒவ்வொன்றாகத் திரும்பியது. தொண்டைக்குக் காவலான சான் பிளாஸ் புனிதரின் திருநாளுக்கு முந்தைய நாள் குழாயை எடுத்தார்கள். புனிதரின் அற்புதம் என்று மாடி வார்டிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“புனிதரா வந்து பையை அமுக்கினாரு?” என்று எரிந்து விழுந்தாள் சுனில்டா.

“அவருக்கு நாம முறை போடலையே டாக்டரம்மா” என்றான் தெர்லிஸ்.

தெயோலிந்தாவின் குரல் கரகரவென்று வந்தது. முதலில் கணவனைக் கேட்டாள். அடுத்து, “அந்த செர்ரோக்காரன் யாரு?” என்றாள்.

தெர்லிஸ் நெளிந்துகொண்டு முன்னால் வந்தான்.

“நான் எதிரணி, ஒலிம்பியா. வாயில குழாய் இருந்ததால நீ பிழைச்ச.”

அறையே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னதுதான் சுனில்டாவின் மனத்தில் ஆயுளுக்கும் தங்கியது.

“இருட்டா இருந்துச்சு. ஆனா தனியா இல்ல. ஒவ்வொருத்தர் கைக்கும் ஒவ்வொரு மூச்சு. ஒருத்தரு பயந்து பயந்து கொடுப்பாரு, பாதி மூச்சுதான் வரும். ஒருத்தரு வேகம். ஒரு அம்மா மட்டும் கடைசியில இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பாங்க, வயிறு நிறைஞ்சாலும் ஒரு கரண்டி வைப்பாங்களே, அந்த மாதிரி. அவங்க வந்தாதான் நான் தூங்குவேன்.”

நின்ஃபா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

மார்ச்சில் கல்லூரிக் குழு கூடியது. சுனில்டா இரவெல்லாம் தயாரித்த பேச்சை மறந்துபோய் எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறக்குமுன் இன்ஸ்ஃப்ரான் கையை உயர்த்தினார்.

“இவங்க கட்டில் கேட்டா கொடுக்காதீங்க” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “கட்டிலை யாரு வேணும்னாலும் போடலாம். மாணவர்களைக் கொடுங்க. நாற்பது வருஷமா நான் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வுல கவிழ்ந்த பசங்க அந்தத் துணிக்கிடங்குல கத்துக்கிட்டதை என் வகுப்புல ஒருத்தனும் கத்துக்கிட்டதில்ல. நானும் அங்கதான் கத்துக்கிட்டேன், அதுவும் இந்த வயசுல.”

அப்படித்தான் அது துறையானது. ஆனபின் வளர்ந்த வேகம் சுனில்டாவுக்கே பிடிபடவில்லை. மறுநாளே எல்லாம் கூடிவந்துவிடவில்லைதான். மின்சாரம் போன நாட்கள் உண்டு. உதிரிப் பாகத்துக்காக இயந்திரம் காத்துக் கிடந்த மாதங்கள் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் போய்விட்டவர்கள் நிறைய. அவர்களுக்காக அவள் மாணவர்களோடு உட்கார்ந்து அழுததும் உண்டு. ஆனால் துணிக்கிடங்கின் சுவர் இடிந்து பக்கத்து அறை சேர்ந்தது. பிறகு அந்தத் தாழ்வாரமே சேர்ந்தது. மருந்தியலில் தவறிய தெர்லிஸ் அதே மருந்தியலை மற்றவர்களுக்கு எடுக்கும் அளவுக்குத் தேறி, முதல் பயிற்சி மருத்துவனாகச் சேர்ந்தான். நின்ஃபா நர்ஸுகளுக்கென்று தனி வகுப்பு தொடங்கினாள். அதில் அழாமல் தேறியவர் இல்லை. பவழப்பாம்பு விஷம் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு பிரேசிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இங்கே படித்துப் போனவர்கள் கொன்செப்சியோனிலும் என்கார்னாசியோனிலும் தங்கள் பங்குக்கு இரண்டிரண்டு கட்டில்களைப் போட்டார்கள். அவையும் பெருத்தன. நள்ளிரவில் எங்கோ சாக்கோ வறள்காட்டில் ஒரு கிராமத்து மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும். பேசுகிறவர் சுனில்டாவுடைய மாணவனின் மாணவி என்று தெரிய வரும்.

புதுக் கட்டடம் எழுந்த வருஷம் சுனில்டா ஓய்வு பெற்றாள். முழங்காலில் அறுவை சிகிச்சை முடித்து, வருஷக்கணக்கில் வீட்டோடு இருந்து, ஓர் ஆகஸ்ட் காலையில், லபாச்சோ மரங்கள் இலை ஒன்றுகூட இல்லாமல் முழுக்க ரோஜா நிறத்தில் பூத்திருந்தபோது, துறையைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கைத்தடியோடு கிளம்பினாள். வெள்ளைக் கோட்டு இல்லை. பூப்போட்ட சட்டையும் தட்டைச் செருப்பும்தான்.

அவள் நுழைந்த நேரம், பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போன ஓர் இளம்பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சுனில்டாவின் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் விரைந்தன. கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்றுவிட்டாள். உள்ளே ஆறேழு பேர். ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியவில்லை. யாரும் கத்தவில்லை. ஒருத்தி கட்டிலின் கால்மாட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்தார்கள். ஒருவன் சின்னக் கருவி ஒன்றை மார்பில் வைத்து, திரையில் இதயம் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே ரத்தம் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்று முடிவு செய்தான். இப்படி ஒரு முறை இருப்பதே சுனில்டாவுக்குத் தெரியாது. அவள் கற்றுக்கொடுத்தது அல்ல. அவளுக்குப் பிறகு இந்த இடம் தானாகக் கற்றுக்கொண்டது. எவ்வளவு பெரிதாகிவிட்டது இது! தன் கையை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டது!

இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்தவள் அவளைப் பார்த்தாள். “அம்மா, கொஞ்சம் வழி விடுங்க. நீங்க அந்தப் பொண்ணுக்குச் சொந்தமா? வெளியில பெஞ்சுல உக்காருங்க. நாங்களே வந்து சொல்றோம், பயப்படாதீங்க.”

“சரிம்மா” என்றாள் சுனில்டா.

பெஞ்சில் அந்தப் பெண்ணின் தாய் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாக்கோவிலிருந்து வந்த புழுதி இன்னும் பாவாடை விளிம்பில் இருந்தது. சுனில்டா அவள் பக்கத்தில் அமர்ந்தாள். காத்திருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று, இத்தனை வருஷம் கதவுக்கு உள்பக்கமாகவே நின்ற சுனில்டாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. அந்த இளம் டாக்டர் வந்து, நின்றபடி பேசாமல், தாயின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தாள். குவாரனியில் நிதானமாகச் சொன்னாள். “ரத்தம் நின்னுடுச்சு தாயே. இன்னும் ஆபத்து முழுசா போகல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவ இருக்கா. நாங்க யாரும் அவ பக்கத்துலேர்ந்து நகர மாட்டோம். குழந்தை நல்லா அழுதுக்கிட்டிருக்கு.”

தாய் அதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும், யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சுனில்டாவும் அவளை இறுகக் கட்டிக்கொண்டு, சொந்த மகள் பிழைத்தது போலவே அழுதாள்.